மூன்றாவது நாடா

காஞ்சிபுரத்து நெசவாளியைப் பற்றி எழுதும்போதெல்லாம் நம்மவர்கள் வறுமையை எழுதுவார்கள். கூலியை, கடனை எழுதுவார்கள். பிரியதர்ஷனின் 'காஞ்சிவரம்' படத்தைப் போல, மகளுக்காக ஆசைப்பட்ட ஒரு பட்டுச்சேலையும் வரும். தறி மட்டும் பின்னணியில் ஓசையிட்டுக்கொண்டிருக்கும். அந்தக் கருவி ஏன் அப்படி அமைந்தது, எதைப் பெற எதை விட்டுக்கொடுத்தார்கள் என்று நாம் கேட்பதில்லை.

கோர்வையை எடுத்துக்கொள்வோம். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். ஒரே நாடாவை இக்கரையிலிருந்து அக்கரை வரை ஓட்டினால் வேலை விரைவாக முடியும். ஆனால் உடலின் ஊடை கரைக்குள்ளும் புகுந்து அதன் நிறத்தைக் கலக்கிவிடும். அரக்குக் கரை அரக்காகவே நிற்க, உடலுக்கு ஒன்று, கரைகளுக்கு ஒவ்வொன்று என மூன்று நாடாக்கள் வேண்டும். உடல் ஊடையும் கரை ஊடையும் சந்திக்கும் இடத்தில் ஒவ்வொரு முறையும் ஒன்றையொன்று கோத்துக்கொள்ள வேண்டும். நெசவாளிக்கோ இரண்டே கைகள். ஆகவே தறியின் ஓரத்தில் இன்னொருவர் அமர்ந்து அந்தப் பக்கத்துக் கரை நாடாவைப் போட்டுக்கொடுப்பார்.

அந்த இன்னொருவர் நெடுங்காலம் பெரும்பாலும் ஒரு குழந்தை என்பதை மறைத்துப் பயனில்லை. கோர்வைத் தறியின் மிக மலிவான உறுப்பு அதுதான். சட்டமும் பள்ளிக்கூடமும் குழந்தையை எழுப்பி அழைத்துச் சென்ற பிறகே கருவியின் உண்மை விலை தெரிந்தது: பெரியவர் ஒருவரின் கூலி. கோர்வை அருகி வருகிறதே என வருந்துகிறவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்தே வருந்த வேண்டும்.

பொறி வைத்து அந்தக் கையை ஈடுசெய்யலாமே? செய்யலாம், ஆனால் ஒவ்வொரு பொறியும் தன் பாரத்தை யார் மீதாவது இறக்கிவைக்கும். ஜக்கார்டு பெட்டி வந்தபோது அட்டையை மாற்றினாலே புட்டா மாறியது. அதே பெட்டி கூரைக்கு உயரம் கேட்டது. கொக்கிகள் கூடக் கூட மிதிக்கும் காலுக்கு எடை கூடியது.

தெலங்கானாவின் சிந்தகிந்தி மல்லேசம் வேறு வழியில் யோசித்தார். போச்சம்பள்ளிச் சேலைக்கு நூல் சுற்றும் ஆசு வேலையில், ஒரு சேலைக்கு ஏறத்தாழ 9,000 முறை கையை வீச வேண்டும். தாயின் தோள்வலி கண்டு 1992இல் தொடங்கியவர் 1999இல் எந்திரத்தை முடித்தார். அதற்குத் தாயின் பெயரையே வைத்தார். 2017இல் பத்மஸ்ரீ கிடைத்தது. நமக்கு முக்கியம் விருது அல்ல. வடிவமைப்பு தோளிலிருந்து தொடங்கியது என்பதே.

சில நூறு தறிகளுக்கு மட்டும் கருவி செய்யும் சிறு பட்டறையால் விலையுயர்ந்த வார்ப்பு அச்சுகளை வாங்க இயலாது. மரமும் இரும்புப் பட்டையும் உள்ளூர்க் கடையில் கிடைக்கும் ஸ்பிரிங்குமே அதன் மூலப்பொருள். பார்வைக்கு அது முரடாக இருக்கலாம். ஆனால் பழுதானால் அடுத்த தெருத் தச்சரே சரிசெய்துவிடுவார். ஒரு நாள் கூலி மிஞ்சும். இதைக் குறையென்று சொல்ல நமக்கு மனமில்லை.

2005இல் காஞ்சிப் பட்டு புவிசார் குறியீடு பெற்றது. துணியின் பெயருக்குக் காவல் கிடைத்தது. தறிக்குப் புதிதாக எது வந்தாலும் எத்தனை சேலை நெய்யும் என்று கேட்பதற்கு முன், அதன் எடை யார் உடம்பில் விழுகிறது என்று கேட்போம். மூன்றாவது நாடாவை இனி யார் போடுவது என்பதற்கான விடை அங்கேதான் இருக்கிறது.