சான்றிதழ் சுவரில், ஆள் விமானத்தில்!

சர்வதேசப் பள்ளி என்றாலே நீச்சல் குளம், ஏசி வகுப்பறை, ஐபி பாடத்திட்டம் என்று விளம்பரம் களைகட்டும். ஆண்டுக் கட்டணம் பல இடங்களில் 20,000 டாலரைத் தாண்டும். "நெருக்கடி காலப் பயிற்சி பெற்ற கவுன்சிலர் இருக்கிறார்" என்று ஒரு வரியும் இருக்கும். என்ன பயிற்சி, யாருக்குப் பயிற்சி என்று கேட்டால்தான் சிக்கல்!

அமெரிக்காவின் தேசியப் பள்ளி உளவியலாளர் சங்கம் 2006-ல் கொண்டுவந்த 'ப்ரிப்பேர்' பயிற்சியை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பட்டறைகள், மொத்தம் மூன்று நாள். நல்ல பயிற்சிதான், மறுக்கவில்லை. ஆனால் அது எந்த ஊருக்காகத் தைத்த சட்டை? அங்கே ஒரு பள்ளியில் துயரம் நடந்தால் பக்கத்துப் பள்ளிகளிலிருந்து உதவிக்கு ஆள் அனுப்பக் கல்வி மாவட்டம் இருக்கிறது. 2022 முதல் 988 என்ற தொலைபேசி எண்ணும் இருக்கிறது. அந்நிய நாட்டில் தனியாக நிற்கும் பள்ளிக்கு மாவட்டமாவது, மண்ணாங்கட்டியாவது...

2011 மார்ச் 11, வெள்ளிக்கிழமை, மதியம் 2.46. ஜப்பானில் நிலநடுக்கம். டோக்கியோவில் ரயில்கள் நின்றன. அடுத்து ஃபுகுஷிமா அணு உலை. சில நாட்களில் பிரான்ஸ் தன் மக்களை டோக்கியோ பகுதியை விட்டு வெளியேறச் சொன்னது. பிரிட்டனும் வெளியேறுவது பற்றி யோசிக்கச் சொன்னது. வெளிநாட்டுக் குடும்பங்கள் பல கிளம்பிவிட்டன. வெள்ளிக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பன் சொல்லிக்கொள்ளாமலே போய்விட்டால், மிச்சமிருக்கும் பிள்ளைக்கு யார் ஆறுதல் சொல்வது? கவுன்சிலரா? அவரும் வெளிநாட்டுக்காரர்தானே! அவருக்கும் பெண்டாட்டி பிள்ளை உண்டு, தூதரக அறிவிப்பு அவருக்கும்தான். டோக்கியோவிலாவது 1973 முதல் ஆங்கிலத்தில் பேசும் உதவித் தொலைபேசி இருந்தது. எல்லா ஊருக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை.

விபத்து வராத காலத்திலும் இதே கதைதான். இந்தப் பள்ளிகளில் முதல் ஒப்பந்தம் வழக்கமாக இரண்டு வருடம். பயிற்சிக்குப் போட்ட பணம், அவர் பெட்டியோடு சேர்ந்து விமானம் ஏறிவிடும். எந்த வணிகவியல் மாணவனும் இதை முதலீடு என்று எழுத மாட்டான், செலவு என்றுதான் எழுதுவான். வாசல் காவலாளி, பஸ் டிரைவர், ஆயா, அலுவலக ஊழியர் ஆகியோர் உள்ளூர்க்காரர்கள். எந்த ஆஸ்பத்திரி பக்கம், போலீசிடம் எந்த மொழியில் பேசுவது என்று அவர்களுக்குத்தான் தெரியும். பயிற்சிக்கு மட்டும் அவர்களைக் கூப்பிடுவதில்லை!

"அது நிபுணர்கள் வேலை" என்பார்கள். நிபுணர்களே சறுக்கிய கதை ஒன்று உண்டு. விபத்தில் தப்பியவர்களை உடனே உட்காரவைத்து நடந்ததைப் பேசவைக்கும் முறை 1980-களில் பிரபலமானது. 2002-ல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, ஒரே அமர்வில் முடியும் அந்த முறையால் பின்னாளைய மனப் பாதிப்பைத் தடுக்க முடியவில்லை, கட்டாயப்படுத்திச் செய்வதை நிறுத்த வேண்டும் என்றது. 2011-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட உளவியல் முதலுதவி வழிகாட்டி என்ன சொல்கிறது? பேச வற்புறுத்தாதே, பாதுகாப்பைப் பார், தேவையைக் கேள், சொந்தபந்தத்தோடு சேர்த்துவை. முக்கியமாக, இது நிபுணர்கள் மட்டும் செய்யும் வேலை அல்ல என்கிறது.

அப்படியானால் செய்ய வேண்டியது எளிது. உள்ளூர் ஊழியர் அத்தனை பேருக்கும் அவரவர் மொழியில் முதலுதவிப் பயிற்சி. கவுன்சிலர் ஊரில் இல்லாத நாளைக் கற்பனை செய்து வருடம் ஒரு ஒத்திகை. பக்கத்துப் பள்ளிகளோடு ஆள் கொடுத்து உதவும் ஒப்பந்தம். நீச்சல் குளத்தைப் பராமரிக்க முடிகிற பள்ளிக்கு இது முடியாது என்று யாராவது சொன்னால், அது பணப் பிரச்சினை இல்லை, மனப் பிரச்சினை.