பாட்டும் மனச்சான்றும்

பாட்டு செவிக்கு இன்பம் தருவது என்பதை அனைவரும் அறிவர். ஆனால், உறங்கும் மனச்சான்றை எழுப்பும் ஆற்றலும் அதற்கு உண்டு என்பது என் கருத்து. அமெரிக்க நாட்டில் எழுந்த ஒரு பாட்டின் வரலாறே இதற்குச் சான்றாகும்.

அந்நாட்டில், பெரும்பாலும் தென் மாநிலங்களில், வெள்ளையர் கும்பல்கள் கறுப்பின மக்களை வழக்கும் விசாரணையும் இன்றி மரத்தில் தூக்கிட்டும் தீயிலிட்டும் கொன்றன. 1882 முதல் 1968 வரை இவ்வாறு மாண்ட கறுப்பின மக்கள் 3,446 பேர் என்கிறது டஸ்கிகீ கல்விக்கூடத்தின் கணக்கு.

நியூயார்க் நகரப் பள்ளி ஆசிரியரான ஏபல் மீரோபோல், இத்தகைய கொலையைக் காட்டும் நிழற்படம் ஒன்றைக் கண்டார். அக்காட்சி பல நாள் அவரை வாட்டியது. மரத்தில் தொங்கும் உடலைக் கனியாக உருவகித்து அவர் எழுதிய கவிதை 1937ஆம் ஆண்டில் வெளிவந்தது. ‘விந்தைக் கனி’ எனப் பொருள்படும் பெயரில் அது பாட்டாயிற்று. 1939ஆம் ஆண்டில் பில்லி ஹாலிடே என்னும் கறுப்பினப் பாடகி அதை நியூயார்க் விடுதி ஒன்றில் பாடினார். அப்போது பரிமாறுவோர் பணியை நிறுத்துவர், விளக்குகள் அணையும், பாடகியின் முகத்தில் மட்டும் ஒளி விழும். அவரோடு ஒப்பந்தம் செய்திருந்த பெரிய இசைத்தட்டு நிறுவனம் அதனைப் பதிவு செய்ய மறுத்தது. சிறிய நிறுவனம் ஒன்றே துணிந்து வெளியிட்டது.

செய்தித்தாள் எண்ணிக்கையைச் சொன்னது. பாட்டு மனிதனைக் காட்டியது. செய்தியைப் படித்தவர் ‘ஐயோ!’ என்று சொல்லி அடுத்த பக்கத்தைப் புரட்டலாம். இருளில் அமர்ந்து பாட்டைக் கேட்டவருக்குப் புரட்டுவதற்குப் பக்கம் ஏது?

‘பாட்டினால் கொடுமை ஒழிந்துவிடுமா?’ என்று சிலர் வினவலாம். நேரிய வினாவே. இக்கொலையை நாடு முழுமைக்குமான வெறுப்புக் குற்றமாக்கிய நடுவண் அரசின் சட்டம், பாட்டு ஒலித்து 83 ஆண்டுகள் கழித்து, 2022ஆம் ஆண்டில்தான் பிறந்தது. அதற்கு மன்றங்களில் வாதாடியோரும், வீதிகளில் அணிவகுத்தோரும், சிறை புகுந்தோரும் வேண்டியிருந்தனர். ஆயினும், பிறர் துன்பத்தைத் தம் துன்பமாக உணராதவர் வீதிக்கு வருவாரோ? அவ்வுணர்வை ஊட்டுவதே பாட்டின் பணி. எஞ்சிய பணி கேட்டவருடையது.

மாணவர்களே! பாட்டைக் கேட்டுக் கண்கலங்குவது எளிது. நிறத்தையோ பிறப்பையோ சொல்லி உடன் பயிலும் ஒருவனைப் பிறர் எள்ளும்போது நாம் வாய்மூடி இருப்போமாயின், அக்கண்ணீர் பொய்க்கண்ணீரே ஆகும். அவன் பக்கம் சென்று நில்லுங்கள். பாட்டைக் கேட்டதன் பயன் அதுவே.