துப்பாக்கியின் விலை வேறு, செலவு வேறு



2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் ரைஃபிள் பிரிவில் வெண்கலம் வென்ற ஸ்வப்னில் குசாலே, ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக வேலைக்குச் சேர்ந்தவர். மாதச் சம்பளக் குடும்பங்களுக்கு அந்தச் செய்தி தெம்பு கொடுத்தது. நம் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவனும் ஏர் ரைஃபிளில் இரண்டு ஒலிம்பிக் பார்த்துவிட்டார். எங்கள் தெருவில் ஷூ கம்பெனி ஊழியர் ஒருவர், மகளுக்கு வெளிநாட்டு ரைஃபிள் வாங்க நகைகளை அடகு வைக்கும் யோசனையில் இருக்கிறார். அவரிடம் சொன்னதையே இங்கும் சொல்கிறேன்: ரைஃபிளைக் கடைசியில் வாங்குங்கள்.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். அந்த மொழியில் விலைக்கும் பரிசுக்கும் ஒரே சொல், 'ப்ரீ'. ஆனால் அதிக விலை கொடுத்தவருக்குத்தான் பரிசு என்று எந்த மைதானத்திலும் விதி இல்லை.

முதலில் தூரம். 50 மீட்டர் சுட .22 ரைஃபிள் வேண்டும். அதற்கு ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ், போலீஸ் விசாரணை எல்லாம் உண்டு. கோப்பு எப்படி நகரும் என்பது எனக்குத் தெரியும். 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் அந்த அலைச்சல் இல்லை. 2016 ஆயுத விதிகளின்படி, 4.5 மி.மீ. குழலும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டாம். பத்து மீட்டர்தானே என்று எண்ண வேண்டாம். பத்துப் புள்ளி தரும் நடுப்பொட்டு அரை மில்லிமீட்டர்தான். அதில் தேறியபின் 50 மீட்டரை யோசிக்கலாம்.

அடுத்தது எஸ்டிமேட். அலுவலகத்தில் ஒருமுறைச் செலவு, தொடர் செலவு என்று தனித்தனியாகப் போடுவோம். ரைஃபிள், ஜாக்கெட், பேன்ட், ஷூ, கையுறை முதல் வகை. பெல்லட், கிளப் சந்தா, பயிற்சியாளர் கட்டணம், போட்டிக்குப் போய்வரும் செலவு இரண்டாம் வகை. ஒரு போட்டிக்கு 60 பெல்லட். தினம் அவ்வளவு, வாரம் ஐந்து நாள் என்றால் நாலு வாரத்துக்கு 1,200. 500 பெல்லட் டப்பா இரண்டரை தீரும். குடும்பம் தடுமாறுவது இந்த இரண்டாம் வகையில்தான். அதற்கு ஒரு வருஷப் பணம் கையில் இல்லாமல் அடகுக் கடைப் படி ஏறாதீர்கள்.

முதல் வருஷம் கிளப் ரைஃபிளே போதும். இரவல் ஒத்துவராதது ஜாக்கெட்டும் ஷூவும். உடம்புக்குப் பொருந்த வேண்டும். வளரும் பிள்ளைக்கு மீண்டும் வாங்க நேரும், அதையும் கணக்கில் சேருங்கள். பழைய ரைஃபிள் வாங்கினால் காற்று சிலிண்டரில் பொறித்த தேதியைப் பாருங்கள். பத்து வருஷம் தாண்டிய சிலிண்டரோடு போட்டியில் நிற்க முடியாது.

என் ஆதங்கம் ஒன்று. சர்வதேச விதிப்படி துப்பாக்கி சுடும் ஷூவின் அடிப்பாகம் 10 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது, ஜாக்கெட்டின் தடிமன் 2.5 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, பேரணாம்பட்டில் தோலை மில்லிமீட்டர் கணக்கில் தினமும் அளந்து ஐரோப்பாவுக்கு ஷூ தைத்து அனுப்புகிறோம். அப்படிப்பட்ட ஊரில் ஒரு பிள்ளை இறக்குமதி ஷூவுக்கும் கையுறைக்கும் ஏன் காத்திருக்க வேண்டும்? கம்பெனி முதலாளிகள் விதிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு சாம்பிள் ஒரு ஜோடி தைத்துப் பார்க்கட்டும். இந்த விளையாட்டுக்கு நம் பகுதி செய்யக்கூடிய பெரிய உதவி அதுதான்.