முழுங்காத மாத்திரையும் கழட்டச் சொன்ன செருப்பும்

"உங்க சேரிப் பொம்பளைங்க மாத்திரைய வாங்கிட்டுப் போயி குப்பையில போடுறாங்க." ஒரு செவிலியர் என்னிடம் சொன்னது இது. அவர் பொய் சொல்லவில்லை. என் அண்ணி முழுகாமல் இருந்தபோது கூரையில் செருகி வைத்திருந்த இரும்புச்சத்து மாத்திரை அட்டைகளை நானே எடுத்துப் பார்த்தேன். நாலு அட்டை. ஒன்றுகூடப் பிரிக்கவில்லை.

ஏன் முழுங்கல என்று கேட்டேன். "விடியக்காலம் நீத்தண்ணியக் குடிச்சிட்டு நடவுக்குப் போறேன். வெறும் வயித்துல போட்டா கொமட்டுதுன்னு பக்கத்து வீட்டுக்காரி சொன்னா. வெளிக்குப் போனா கருப்பாப் போவுதாம். எனக்குப் பயமா இருக்குப்பா."

மலம் கறுக்கத்தான் செய்யும், பயப்படாதே, ராத்திரி சோறு தின்றபிறகு போடு, டீயோடு போடாதே. இதைச் சொல்ல இரண்டு நிமிடம் ஆகுமா? அந்த இரண்டு நிமிடத்துக்கும் செவிலியரின் கால் சேரிக்குள் வரவில்லை. ஊர்த்தெருத் திண்ணையில் உட்கார்ந்து ஆளனுப்பினார். விரல் படாமல் மேலேயிருந்து உள்ளங்கையில் போட்ட மாத்திரை தொண்டையில் இறங்கவில்லை என்றால், குற்றம் தொண்டையினுடையதாம்!

அரசு 1970 முதல் இந்த மாத்திரையைக் கொடுத்து வருகிறது. இப்போதைய கணக்கு, நாலாம் மாதத்திலிருந்து 180 நாள், தினம் ஒன்று. தேசிய குடும்பநல ஆய்வு என்ன சொல்கிறது? நூறு நாளாவது மாத்திரை சாப்பிட்ட தாய்மார் 2015-16இல் 30.3 விழுக்காடு, 2019-21இல் 44.1. ஏறியிருக்கிறது. ரத்தசோகையுள்ள கர்ப்பிணிகள்? 50.4ஆக இருந்தது 52.2 ஆகிவிட்டது. இப்போதும் 'முழுங்கல' என்பதையே பாட்டாகப் பாடுவீர்களா?

மாத்திரை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை தோழர்களே. பேறுகாலத்தில் உதிரம் பெருகினால் வற்றிய உடம்பு தாங்காது. சாவது நம்ம பொண்ணுதான். ஆனால் அந்த ரத்தம் எந்த வழியாக வற்றியது என்றும் கேட்க வேண்டும்.

ஒரு வழி, கால். கொக்கிப்புழு மண்ணிலிருந்து வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே போகிறது; குடலைக் கவ்விக்கொண்டு ரத்தம் குடிக்கிறது. கக்கூசு இல்லாத சேரி, செருப்பில்லாத கால், சேற்று வயல், அதற்கு வேறென்ன வேண்டும்? ஊர்த்தெருவில் செருப்பைக் கழட்டிக் கையில் எடு என்று நம் பாட்டன் பாட்டிக்குச் சட்டம் போட்டது யார்? 2023 டிசம்பரில் திருப்பூர் மாவட்டம் ராஜாவூரில் தலித் மக்கள் செருப்புக் காலோடு ஒரு தெருவில் நடந்ததே செய்தியானது. சாதிதான் அந்தக் காலை வெறுங்காலாக்கியது. பூச்சி மாத்திரை கொடுக்கிறார்கள், சரி. செருப்பை எந்தத் திட்டத்தில் கொடுப்பார்கள்?

இன்னொரு வழி, வாய். சுவரொட்டியில் பேரீச்சை, மாதுளை, முருங்கைக்கீரை. மாதுளை விலை ஒட்டியவருக்குத் தெரியுமோ என்னவோ! கீரையில் உள்ள இரும்பைவிடக் கறியில், ரத்தத்தில் உள்ள இரும்புதான் உடம்பில் சுலபமாகச் சேரும். இதை மருத்துவப் பாடப்புத்தகமே சொல்கிறது. நம் வீட்டில் அது இருந்தது; பெயர் மாட்டுக்கறி. அதைத் தின்றதற்குத்தானே ஒதுக்கி வைத்தீர்கள்? மகாராட்டிரத்தில் 2015இல் காளையையும் எருதையும் அறுப்பதுகூடக் குற்றமாகிவிட்டது. ஏழையின் மலிவான இரும்பைச் சட்டம்போட்டுப் பிடுங்கிக்கொண்டு, கையில் அட்டையைத் திணிப்பதற்குப் பெயர் ஊட்டச்சத்துத் திட்டம்!

அண்ணி பிறகு ராத்திரியில் போட ஆரம்பித்தாள். நான் சொல்லித்தான். ஊர்ப்புறம் போகிற மாணவத் தோழர்கள் அந்த இரண்டு நிமிடத்தை நம் தெருவிலேயே உட்கார்ந்து பேசுங்கள். அப்படியே சுகாதார நிலையத்துக்குப் போய், சுவரொட்டியில் மாட்டுக்கறி எங்கே என்று கேட்டுவிட்டு வாருங்கள்.