முதிய மாதரின் கூனலும் குனிந்து செய்யும் பயிற்சியும்

முதுகு வளைந்த மூதாட்டியைக் கண்டால் "வயதாகிவிட்டது" என்று கூறி அப்பாற் செல்வதே உலக வழக்கம். இது பாதி உண்மையே. மார்புப் பகுதியில் முதுகெலும்பு ஓரளவு வளைந்திருப்பது எல்லோருக்கும் இயல்பு. இளமையில் அவ்வளைவு 20 முதல் 40 பாகை வரை இருக்கும். நாற்பது வயதுக்குமேல் அது மிகுகின்றது. மாதரிடம் விரைந்து மிகுகின்றது. 55 முதல் 60 வயது வரையுள்ள மாதரிடம் சராசரி 43 பாகை என்றும், 76 முதல் 80 வயது வரையுள்ளோரிடம் 52 பாகை என்றும் அளந்து கண்டுள்ளனர். எலும்பு மெலிந்து முள்ளெலும்புகள் நொறுங்குவதே கூனலுக்குக் காரணம் எனப் பலரும் எண்ணுகின்றனர். ஆயினும் மிகவும் கூனியவர்களிற் பெரும்பாலோரிடம் அத்தகைய முறிவு காணப்படுவதில்லை. முதுகை நிமிர்த்தும் தசைகள் நலிவதும் ஒரு காரணமாகும். தசை பயிற்சிக்கு இணங்கக்கூடியது என்பதை ஆசிரியர்கள் அறிவர்.

கூனலை அழகுக் குறைவாக மட்டும் கருதுதல் தவறு. உடலின் பாரம் முன்னோக்கிச் சாய்வதால், நிலைகொள்ள வேண்டி முழங்கால் மடங்குகின்றது, நடை தளர்கின்றது, கீழே விழும் அபாயம் பெருகுகின்றது. விலாவெலும்புகள் நெருங்குவதால் மூச்சின் கொள்ளளவும் குறைகின்றது. பாயிலிருந்து எழுவதற்கும், பரண்மீதுள்ள பாத்திரத்தை எடுப்பதற்கும் பிறர் கையை எதிர்பார்க்கும் நிலை இவ்வாறே தொடங்குகின்றது.

பயிற்சியால் இது மாறுமா? அமெரிக்காவில் 50 பாகைக்குக் குறையாத வளைவுடைய 21 முதிய மாதர் பன்னிரண்டு வாரம் பயின்றதில், வளைவு ஏறத்தாழ 6 பாகை குறைந்தது. உடற்செயல் திறனும் உயர்ந்தது. இம்முடிவு 2007-இல் வெளிவந்தது. ஒப்பீட்டுக் குழு அதில் இல்லை. 2009-இல் வெளிவந்த யோகப் பயிற்சி ஆய்விலோ 118 முதியோர் பங்கு கொண்டனர். வளைவு சிறிது குறைந்தது, ஆனால் நடை முதலிய செயல்திறனில் குறிப்பிடத்தக்க மாறுதல் இல்லை. ஆகவே நிமிர்ந்து நிற்பதும் நன்கு இயங்குவதும் ஒன்றல்ல. இரண்டையும் தனித்தனியே அளந்தறிதல் வேண்டும்.

எப்பயிற்சி என்பது இதனினும் முக்கியமான கேள்வி. 1984-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், மாதவிடாய் நின்றபின் முதுகெலும்பு மெலிந்து வலியுற்ற 59 மாதர் கவனிக்கப்பட்டனர். முதுகைப் பின்னோக்கி நிமிர்த்தும் பயிற்சி செய்த 25 பேரில் 4 பேருக்கே புதிய முறிவு ஏற்பட்டது. முன்னோக்கிக் குனியும் பயிற்சி மட்டும் செய்த 9 பேரில் 8 பேருக்கு ஏற்பட்டது! எண்ணிக்கை சிறிதுதான், எனினும் அலட்சியம் செய்யத்தக்கதன்று. குனியும்போது முள்ளெலும்பின் முன்பாகத்தின்மீது பாரம் குவிகின்றது. நலிந்த எலும்பு அதைத் தாங்காது. 2015 முதல் ஆண்டுதோறும் ஜூன் 21-ஆம் நாள் யோக தினம் கொண்டாடப்படுகின்றது. அவ்வேளையிலும் மற்றைய வேளைகளிலும், மாணவருக்குக் கற்பிக்கும் அதே வரிசையில் பாட்டிமாரையும் நிறுத்திக் கால்விரலைத் தொடச் சொல்வது நல்லெண்ணத்தால் விளையும் தீங்கு. அப்பயிற்சியை அவர்களுக்கு விலக்குவதே தகும்.

ஆஷா பணியாளர் நிரப்பும் மதிப்பீட்டுப் படிவம், அறுபது வயதைக் கடந்தோரிடம் நிற்கையிலும் நடக்கையிலும் தள்ளாட்டம் உண்டா என வினவுகின்றது. அத்துடன் ஓர் அளவையும் சேர்த்துக் குறிக்கலாம். குதிகாலும் முதுகும் சுவரைத் தொட, நேர்நோக்கி நிற்கச் செய்து, பின்தலைக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியைப் பள்ளிக்கூட அளவுகோலால் அளந்தால் போதும். பின்னர், கைகளை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து அமர எத்தனை வினாடி ஆகின்றது என்று பார்க்கலாம். நாற்காலி ஒவ்வொரு முறையும் அதே உயரமுள்ளதாயிருத்தல் அவசியம். அருகில் ஒருவர் துணை நிற்பதும் அவசியம். ஆறு மாதத்திற்கொருமுறை இவ்விரண்டையும் குறித்து வந்தால் மாறுதல் புலப்படும். திடீரென முதுகுவலி கண்டவரையும், உயரம் குறைந்தவரையும் எவ்விதப் பயிற்சிக்கும் முன்னதாக ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புதல் வேண்டும்.