தையற்கடையும் தவணையும்

(மூன்றாம் ஆண்டு வணிகவியல் மாணவர்)

"நாளைக்கு வாங்க" என்ற சொல்லைக் கேட்காமல் ஒரு சட்டையேனும் தைத்து வாங்கியவர் நம்மிடையே உண்டா? இருந்தால் அவர் பெரும்பேறு பெற்றவரே! உற்பத்தித் திறன், நுகர்வோர் மனநிறைவு என்றெல்லாம் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் பெரிய ஆலைகளையும் பன்னாட்டு நிறுவனங்களையும் நாடுகிறோம். இரண்டு தையல் இயந்திரமும் ஒரு கட்டிங் மேசையும் வைத்துக் குடும்பம் நடத்தும் கடையைப் பற்றி நம் விடைத்தாள்களில் ஒரு வரி கிடையாது. பட்டம் பெற்றபின் அரசுத் தேர்வு முடிவுகளுக்காகக் காத்திருக்கும் நம்மில் பலர் உட்காரப்போவது தந்தையின் அல்லது மாமாவின் அத்தகைய கடையில்தான். ஆகவே அதைப் பற்றிச் சிறிது சிந்திப்பது வீண் வேலையாகாது.

தையற்கடையில் வேலை தாமதமாவதற்குக் காரணம் கேட்டால் மின்வெட்டு, ஆள் பற்றாக்குறை, காஜா எடுக்கும் பையன் வரவில்லை எனப் பல சொல்வார்கள். அவை பொய்யல்ல. ஆயினும் முதற் காரணம் இவற்றுக்கெல்லாம் முன்பே, துணியை வாங்கிக்கொண்டு சீட்டில் தேதி எழுதும் அந்த அரை நிமிடத்தில் பிறந்துவிடுகிறது என்பேன். முடியாத தேதிக்குச் 'சரி' என்று சொல்வதே சிறு தொழிலின் பெருநோய்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கடையில் இரண்டு இயந்திரங்கள்; ஒவ்வொன்றிலும் நாளுக்கு 5 சட்டை என்று கொள்வோம். தீபாவளிக்கு முந்திய 20 நாட்களில் 200 சட்டை முடியும். கடைக்காரர் 280 வாங்கி வைக்கிறார். 80 பேருக்குத்தானே ஏமாற்றம் என்று தோன்றும். அப்படியன்று! எந்த 80 என்று எவருக்கும் தெரியாததால் 280 பேரும் நடக்கிறார்கள். நாளுக்கு 40 பேர் வந்து ஆளுக்கு ஐந்து நிமிடம் நின்றாலும் 200 நிமிடம், அதாவது மூன்று மணி இருபது நிமிடம், பதில் சொல்வதிலேயே போகிறது. பதில் சொல்பவர் யார்? கட்டிங் செய்யும் உரிமையாளரே. அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தால் இரண்டு இயந்திரங்களும் துணியின்றி நிற்கும். போதாக்குறைக்கு, சத்தம் போடுபவரின் சட்டை முன்னுக்கு வரும். பாபினில் நூலை மாற்றி, வேறு நிறத்துக்குப் போய், பாதி தைத்த காலரை ஓரமாக வைத்து... இப்படி 200 தைக்க வேண்டிய கடையில் 170 கூட வெளிவராது. அதிகம் வாங்கியதாலேயே குறைவாகத் தைக்கிறார்கள் என்பது விந்தையன்றோ? ஐசக் சிங்கர் தம் தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றது 1851-ல். இயந்திரம் அன்றுமுதல் வேகமாகவே ஓடுகிறது. அதை நிறுத்தி வைப்பது நம் வாய்தான்.

தையற்காரரை மட்டும் குறை சொல்வது நேர்மையாகாது. நாம் துணி எடுப்பதே பண்டிகைக்குப் பத்து நாள் முன்புதான். "முடியாது" என்றால் "பெரிய கடைக்காரராகிவிட்டார்" என்று ஏசுகிறோம். பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்களே என்ற அச்சம் அவருக்கு. பீஸ் கூலிக்கு உழைக்கும் தொழிலாளிகளுக்குப் பண்டிகை மாதத்து வருமானம்தான் மற்ற மாதங்களின் கடனை அடைக்கிறது. வந்த துணியைத் திருப்பி அனுப்ப மனம் வராதது இயல்பே.

ஆனால் சொன்ன நேரம் என்பதே ஒரு முதலாகும் என்பதற்குத் தமிழகத்தில் சான்று உண்டு. 1911-ல் தொழில் தொடங்கிய டி.வி. சுந்தரம் அய்யங்காரின் பேருந்துகள் மதுரை வட்டாரத்தில் வருவதைப் பார்த்து மக்கள் கடிகாரத்தைச் சரிசெய்து கொள்வார்கள் என்று பெரியோர் கூறுவர். அதில் சிறிது மிகை இருக்கலாம். ஆயினும் அந்தப் பெயரை விளம்பரம் தேடித் தந்திருக்காது. பேருந்துக்கு ஒரு நேர அட்டவணை. சட்டைக்கு ஒரு சீட்டு. இரண்டிலும் எழுதியிருப்பது வாக்குத்தானே?

செய்ய வேண்டியதும் பெரிய வித்தையன்று. சுவரில் ஒரு நாட்காட்டி. ஒவ்வொரு நாள் கட்டத்திலும் பத்துக் கோடு. ஆர்டர் எடுக்கும்போதே ஒரு கோட்டை அடித்துவிட்டால் எந்த நாள் நிறைந்தது என்பது வாடிக்கையாளருக்கே தெரியும், வாதம் குறையும். நாளுக்கு எட்டு மட்டும் வாங்கி இரண்டைப் பழுது பார்க்கவும் அவசரத்துக்கும் விட்டுவைத்தால் இன்னும் நல்லது. நிறைந்தபின் 'ஆர்டர் முடிந்தது' என்று பலகை தொங்கவிட வேண்டும். சில ஊர்களில் நல்ல கடைகள் இதைச் செய்தே வருகின்றன. அந்தப் பலகையைப் பார்த்துத் திரும்பியவன் அடுத்த ஆண்டு முன்கூட்டியே வருவான் என்பது என் எண்ணம். ஏமாந்து திரும்பியவன்தான் வரமாட்டான்.

தேதி ஒழுங்கானால் மற்றப் பணிவிடைகளுக்கும் நேரம் கிடைக்கும். பருத்தித் துணி சுருங்கும், நனைத்து உலர்த்தி வெட்டினால் நல்லது என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். கூட்டத்தில் அதைச் சொல்ல முடிவதில்லை. எஞ்சிய துணியை மடித்துச் சட்டைக்குள் வைத்துக் கொடுப்பதும் அப்படியே. இடையில் ஒரு குறிப்பு: வாணிகம் பற்றிய குறளொன்றை, பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேண வேண்டும் என்பதை, வள்ளுவர் பொருட்பாலில் வைக்கவில்லை, அறத்துப்பாலில், நடுவுநிலைமை அதிகாரத்தில் வைத்தார். துணிவெட்டு மேசைக்கு அது நன்றாகவே பொருந்தும்.

ஆயத்த ஆடைக் கடைகளால்தான் தையற்தொழில் நலிந்தது என்பார்கள். பாதி உண்மை. அங்கே விலை மலிவு என்பதோடு, தேதி என்ற பேச்சே இல்லை. பணம் கொடுத்த கையோடு சட்டை. ஒரு தோள் தாழ்ந்தவருக்கும் நீண்ட கை உடையவருக்கும் அங்கே பொருத்தமாகக் கிடைப்பது அரிது என்று தெரிந்தும் மக்கள் அங்கே போகிறார்கள் என்றால், நான்கு நடை மிச்சம் என்பதும் ஒரு காரணம்.

நம் வணிகவியல் மன்றம் ஆண்டுதோறும் சொற்பொழிவு நடத்துகிறது. இவ்வாண்டு ஒருமுறை, கல்லூரியை அடுத்த ஏதேனும் ஒரு கடையில் இசைவு பெற்று, நாளுக்கு எத்தனை பேர் வந்து கேட்டுச் செல்கிறார்கள் என்று பத்து நாள் எண்ணிப் பார்க்கலாமே! பேராசிரியர்கள் இசைந்தால் ஆடி மாதமே தொடங்கலாம்; தீபாவளிக்குள் கோடு போட்ட நாட்காட்டியையும் அதே கடையில் மாட்டிப் பார்த்துவிடலாம்.