அந்தி நேரத்து அழுகை



மஃரிபுத் தொழுகை முடிந்து மக்கள் வெளியே வரும் வேளையில், பள்ளிவாசல் படியருகே கைக்குழந்தையுடன் தாய்மார்கள் காத்து நிற்பது அஞ்செட்டியிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் அன்றாடக் காட்சி. “பொழுது சாய்ந்தால் வீறிட்டு அழுகிறது ஹஜ்ரத், கண்ணேறு பட்டிருக்குமோ? ஓதி ஊதுங்கள்” என்பார்கள். ஓதுவதற்குத் தடையில்லை, தாராளமாக ஓதலாம். ஆனால் ஓதியபின் அக்குழந்தையின் வாயில் வீட்டார் எதையெல்லாம் ஊற்றப் போகிறார்கள் என்பதே என் கவலை.

பிறந்து இரண்டு மூன்று வாரங்களில் தொடங்கும் இவ்வழுகை, ஆறாவது வாரத்தில் உச்சத்தை எட்டி, மூன்று நான்கு மாதங்களில் தானாகவே அடங்கிவிடும். பெரும்பாலும் மாலையில்தான் மிகும். குழந்தை முகம் சிவந்து, கைகளை இறுக்கி, கால்களை வயிற்றோடு மடக்கிக்கொண்டு அலறும். நாள்தோறும் மூன்று மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் மூன்று நாட்களுக்கு மேல், மூன்று வாரங்களுக்கு மேல் அழுதால் அதனை ‘காலிக்’ எனக் கொள்ளலாம் என்று அமெரிக்க மருத்துவர் மாரிஸ் வெசல் 1954-இல் வரையறுத்தார். அந்நாட்டுக் குழந்தைகளும் அந்தியில்தான் அழுதன. கண்ணேறு போடுவதற்கு அங்கே நம் பக்கத்து வீட்டார் எவரும் இருக்கவில்லை! தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கும் புட்டிப்பால் குடிக்கும் குழந்தைக்கும், ஆணுக்கும் பெண்ணுக்கும் இது பொதுவானது.

குழந்தை அழுதால் நம் வீடுகளில் முதலில் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படுபவள் தாய். மார்கழியில் அவரைக்காய்ப் பருவம் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். “நீ அவரைக்கொட்டைக் குழம்பு தின்றாய், பிள்ளைக்கு வாயு ஏறிற்று” என்று மாமியார் சொல்ல, அவளுடைய தட்டிலிருந்து பருப்பும் கீரையும் பழமும் ஒவ்வொன்றாக மறையும். தாயின் குடலில் உண்டாகும் வாயு அவளுடைய குடலோடு நின்றுவிடும். அது பாலில் கலப்பதில்லை. பத்தியம் என்ற பெயரில் அவளை வாட்டினால் மெலிவது அவள்தான். நம் வட்டாரத்துக் கேழ்வரகில் நூறு கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. களியும் கீரையும் பாலூட்டுபவளுக்கு நல்ல உணவு. தண்ணீரையும் தாகத்துக்குத் தக்கபடி குடிக்க விடுங்கள். தேநீர், காப்பியை மட்டும் ஓரிரண்டு கோப்பையோடு நிறுத்துவது நலம். அவற்றின் சாரம் பாலில் இறங்கும். மிகச் சில குழந்தைகளுக்கு மாட்டுப்பாலின் புரதம் ஒவ்வாது. அத்தகைய ஐயம் இருந்தால், தாய் சில வாரங்கள் பாலையும் தயிரையும் விட்டுப் பார்க்குமாறு மருத்துவர் சொல்லக்கூடும். அதை அவர் சொல்லட்டும். நாம் முடிவு செய்ய வேண்டாம்.

இனி உரைகல்லுக்கு வருவோம். வசம்பும் ஜாதிக்காயும் மாசிக்காயும் இழைத்து நாக்கில் தடவுவது நம்மிடையே தொன்றுதொட்டு வரும் வழக்கம். முன்னோரை நான் குறைத்துப் பேசவில்லை. ஆயினும் வசம்பிலுள்ள அசரோன் என்னும் பொருள் தீங்கானது எனக் கண்டு, அதனை உணவில் சேர்ப்பதை அமெரிக்க அரசு 1968-இலேயே தடை செய்தது. ஜாதிக்காய் அளவு மீறினால் மயக்கம் தரும். குழந்தை அடங்கிக் கிடந்தால் நோவு தீர்ந்தது என்று எண்ணிவிடுகிறோம். கழுவாத கல்லும் விரலும் வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும் என்பதும் உண்டு. சேனை என்று தேன் தொட்டு வைக்கும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்கிருமி, ஒரு வயது நிறையாத குழந்தையின் தசைகளைச் செயலிழக்கச் செய்து உயிருக்கே உலை வைக்கும்.

கிரைப் வாட்டரின் கதை நம்மவர்கள் அவசியம் அறிய வேண்டியது. 1851-இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரில் வில்லியம் உட்வர்ட் என்ற மருந்தாளர் உருவாக்கிய அந்நீரில், சதகுப்பை எண்ணெயும் சோடா உப்பும் மட்டுமல்ல, மதுச்சத்தும் நெடுங்காலம் கலந்திருந்தது! பிற்காலத்தில்தான் நீக்கப்பட்டது. இன்று மதுவில்லாமல் வந்தாலும், அது அழுகையைத் தீர்ப்பதற்கு உறுதியான சான்று இல்லை. ஆறு மாதம் நிறையும்வரை தாய்ப்பாலன்றி வெந்நீர்கூட வேண்டாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை.

அப்படியானால் என்னதான் செய்வது? தூக்குங்கள். கனடாவின் மாண்ட்ரியாலில் நடத்தப்பட்டு 1986-இல் வெளியான ஓர் ஆய்வில், அழாத நேரத்திலும் கூடுதலாகத் தூக்கி வைத்திருந்த குழந்தைகள், ஆறாம் வாரத்தில் மற்றவற்றைவிட நூற்றுக்கு 43 பங்கு குறைவாக அழுதன. காலிக் முற்றியபின் இதன் பலன் அவ்வளவு தெரியாது. எனவே அழத் தொடங்குமுன்பே தூக்கிப் பழகுவது மேல். மார்பின் கருவட்டம் வாய்க்குள் செல்லுமாறு அணைத்து, ஒரு பக்கத்துப் பாலை முழுமையாகக் குடிக்கவிட்டு, பிறகு மறுபக்கம் மாற்றுங்கள். குடித்தபின் தோளில் சாய்த்து ஏப்பம் விடச் செய்யுங்கள். முன்கையின் மீது குப்புறக் கிடத்தித் தலையைத் தாங்கிப் பிடித்தபடி மெல்ல உலவினால் பல குழந்தைகள் அமைதியடையும். இளஞ்சூடான நீரில் குளிப்பாட்டி, வயிற்றை வலஞ்சுழியாக இதமாக நீவலாம். சாம்பிராணிப் புகையும், மூக்கில் காதில் எண்ணெய் விடுவதும் கூடவே கூடாது. உறங்க வைக்கும்போது மட்டும் மல்லாத்தியே கிடத்த வேண்டும்.

ஓசூர்த் தொழிற்சாலைகளில் ஷிஃப்ட் முடித்து வரும் தந்தையரே, களைப்பு உங்களுக்கு மட்டுமா? ஒரு மணி நேரம் பிள்ளையை நீங்கள் ஏந்திக்கொள்ளுங்கள், அவள் கண்ணயரட்டும். யாராயினும் பொறுமை எல்லை மீறினால், குழந்தையைப் பத்திரமான இடத்தில் மல்லாத்திக் கிடத்திவிட்டுப் பத்து நிமிடம் வெளியே வந்து நில்லுங்கள். அது பாவமன்று. ஆத்திரத்தில் பிடித்துக் குலுக்கினாலோ, அந்தப் பிஞ்சு மூளைக்குள் இரத்தம் கசிந்துவிடும்.

எல்லா அழுகையும் காலிக் அன்று. உடல் 100.4 டிகிரிக்கு மேல் சுட்டாலோ, பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ, உச்சிக்குழி புடைத்தாலோ, தொடையிடுக்கில் வீக்கம் தெரிந்தாலோ, பால் குடிக்க மறுத்துத் துவண்டு கிடந்தாலோ விடியட்டும் என்று காத்திராதீர்கள். தேன்கனிக்கோட்டைக்குச் செல்லும் காட்டுச்சாலையில் யானை நடமாட்டம் உண்டு என்பதால் இரவில் தயங்குகிறோம். அதனாலேயே அறிகுறி கண்டவுடன், பொழுது இருக்கும்போதே புறப்பட வேண்டும். இரவாகிவிட்டால் 108-ஐ அழையுங்கள்.